நகரியில் விழுந்த முதல் சாவு

அந்த வருடம் எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்க வேண்டியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக நீங்கள் அஞ்சுகத்தின் பக்கம் சாய்ந்து என்னை மறந்துவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இடம் ராட்டர்டாம். துறைமுகத்தை ஒட்டி, எந்நேரமும் குளிர்காற்று காதைத் திருகும் ஒரு கட்டடத்தில் எங்கள் கட்டடக்கலைப் பள்ளி இருந்தது. முதுகலை வகுப்புக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் எடுப்பார்கள். ஆனால் லாகோஸ்காரன் வரைந்தாலும் லிமாக்காரி வரைந்தாலும் கடைசியில் பார்த்தால் கண்ணாடிக் கோபுரம், நடுவில் நாலு மரம், உச்சியில் நீச்சல் குளம். உலகமே ஒரே கட்டடத்தை மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருந்த காலம் அது. காரணம் நகரி.

நகரி என்பது கணினிக்குள் ஓடும் ஒரு போலி நகரம்; அதற்கு நீளமான ஐரோப்பியப் பெயர் ஒன்று உண்டு. நானும் என் வகுப்புத் தோழி அஞ்சுகமும் எங்களுக்குள் நகரி என்றே சொல்லிக்கொண்டோம். அதற்குள் ஒரு வரைபடத்தைப் போட்டால் அங்கே நிழல்குடிகள் குடியேறுவார்கள். நிஜ மனிதர்களின் கைப்பேசிகளும் தெருக் கேமராக்களும் தண்ணீர் மீட்டர்களும் பல வருடங்களாகச் சேர்த்துக் கொடுத்த பழக்கங்களிலிருந்து உருவானவர்கள் அவர்கள். எழுவார்கள், வேலைக்குப் போவார்கள், லிஃப்டுக்குக் காத்திருந்து எரிச்சல்படுவார்கள், பிடிக்காவிட்டால் வீடு மாறுவார்கள். முப்பது வருட வாழ்க்கை ஒரு மதியத்தில் ஓடி முடியும். முடிவில் நகரி ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் இல்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுக்காது, எந்த மாநகராட்சியும் ஒரு செங்கல்லை வைக்க விடாது.

அந்த ஆண்டின் இறுதித் தேர்வுக்குச் சென்னை வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே, சதுப்பை ஒட்டி நிற்கும் பழைய அடுக்குமாடிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். எங்கள் எல்லோருடைய திட்டங்களையும் நகரியில் அடுத்தடுத்த பேட்டைகளாக நிறுத்தி, சென்னைத் தரவிலிருந்து செய்த நிழல்குடிகளை இறக்கி விடுவார்கள். எந்தப் பேட்டையில் ஆள் தங்குகிறதோ அது ஜெயித்தது. ஜெயித்த திட்டத்தை மாற்றாமல் கட்டுவதாக அங்கே ஒரு வாரியம் ஒப்புக்கொண்டிருந்தது.

எனக்கு அது தேர்வு. அஞ்சுகத்துக்கு அது வீடு. வியாசர்பாடியில் கால்வாய் ஓரமாக இருந்த வீட்டை இடித்துவிட்டு அவள் குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியது அந்த அடுக்குமாடிகளில்தான். அவள் அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார்.

நான் பொள்ளாச்சிக்காரன், பெயர் திருமூர்த்தி. அப்பா கட்டட காண்டிராக்டர். எங்கள் பக்கத்தில் சண்டை போடும்போதும் வாங்க, போங்கதான். அஞ்சுகத்துக்கு அது புரியவே இல்லை. முதல் வாரத்தில் "என்ன நக்கல் பண்றியா?" என்று கேட்டாள். இரண்டாவது வாரம் பழகிவிட்டாள். அதற்குப் பிறகு என்னை அவள் அழைத்த விதங்களையெல்லாம் அச்சில் போட முடியாது.

ஒத்திகை ஓட்டத்தில் என் கோபுரம் முதலிடம். அவளுடையது கடைசி.

அவள் வரைந்திருந்தது கொஞ்சம் விசித்திரமான கட்டடம். நாலு மாடிக்கு ஒரு தெரு. தாழ்வாரம் இல்லை, நிஜத் தெரு. அகலமாக, காற்றும் வெயிலும் வந்து போகிற மாதிரி. தரையில் வரிசையாக மூடி போட்ட குழிகள். லிஃப்டோ ஒரு கட்டிலே உள்ளே போகிற நீளம். நகரி அந்தத் தெருக்களுக்கெல்லாம் சிவப்பு அடித்து, 'பயன்படாத பரப்பு' என்று எழுதியிருந்தது.

"ஏனுங்க அஞ்சுகம், இந்தக் குழி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பந்தக்கால் நட."

"பந்தலா? எட்டாவது மாடியிலயா?"

"எங்க ஏரியால ஒரு கல்யாணம், காதுகுத்து, சாவுன்னா தெருவுலதான் ஷாமியானா. கடப்பாரையால ரோட்ட குத்தி கால் நடுவாங்க. அப்புறம் அந்தப் பள்ளத்துல மழைத்தண்ணி நின்னு பைக்ல போறவன் வுழுவான். அதான் நானே குழி வெச்சுட்டேன்." பிறகு திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஆனா இந்தப் பாவிங்க ஒருத்தனும் தெருவுல நிக்க மாட்றான். சென்னை ஜனம்னு சொல்றாங்க. சென்னை ஜனம் தெருவுல நிக்காம எங்க நிக்கும்?"

நியாயமான கேள்வி. நிழல்குடிகள் அவள் தெருவைத் தலை குனிந்தபடி கடந்து போனார்கள். நாற்காலி போட்டு உட்காரவில்லை. ஒரு பந்தல்கூட எழவில்லை.

அவள் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்ப்போம்; அவள் ஒரே ஒரு ஆளைப் பார்த்தாள். தன் கட்டடத்தில் ஆறாவது மாடியிலிருந்த ஒரு கிழவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பின்னாலேயே நகரியில் வருடக்கணக்காகச் சுற்றினாள். டீக்கடை, மருந்துக்கடை, மகள் வீடு. பெயர்கூட வைத்துவிட்டாள், கபாலி மாமா என்று.

ஒரு காலை என் மேஜைக்கு வந்து நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். "கபாலி மாமாவைக் காணோம்."

"வீடு மாத்தியிருப்பாருங்க."

"மாத்தல. டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி வூட்ல இருக்காரு. ஜனவரி ஒண்ணு அதே வூட்ல வேற ஒருத்தன் பல் தேய்க்கிறான். எதிர்வூட்டம்மா கண்டுக்கவே இல்ல. பொண்ணு பாட்டுக்கு வேலைக்குப் போறா." குரலைத் தாழ்த்தினாள். "மூர்த்தி, இந்த ஊர்ல யாருமே சாவறதில்லடா. காணாமப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

நாங்கள் இருவரும் பேராசிரியர் கூப்மனிடம் போனோம். நகரியை உருவாக்கியவர்களில் அவர்தான் முதன்மையானவர். கெட்ட மனிதர் அல்ல. உயரமானவர், எல்லோரிடமும் பொறுமையாகப் பேசுவார். பேசியது ஆங்கிலம்; தமிழில் தருகிறேன்.

"இறப்பு விகிதம் சரியாகத்தான் இருக்கிறது. வருடக் கடைசியில் கணக்குப்படி ஆட்களைக் குறைத்துவிடுகிறோம்" என்றார்.

"குறைக்கறதுன்னா?"

"நீக்குகிறோம். மரணம் மருத்துவமனையில் நடக்கிறது. பிறகு அதற்கென்று நிறுவனங்கள் இருக்கின்றன. குடியிருப்புக் கட்டடத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லையே."

"எங்க வூட்ல நடந்துது சார்" என்றாள் அஞ்சுகம்.

கூப்மன் பக்கத்துத் திரையில் ஒரு வரைகோட்டைக் காட்டினார். சென்னையிலிருந்து வந்த மூலத் தரவு. "ஆரம்பத்தில் இப்படி நிறைய வந்தது. பாருங்கள், ஒரு தெருவில் ஒரே நாளில் திடீரென்று நூற்றுக்கணக்கான ஆட்கள். யாரும் வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் பல மடங்கு. வாகனம் எதுவும் உள்ளே வரவில்லை. மறுநாள் எல்லாம் பழையபடி. லாகோஸிலும் இப்படித்தான், மணிலாவிலும் இப்படித்தான். கருவிகளில் பழுது என்று நினைத்தோம். இரைச்சல் என்று வடிகட்டிவிட்டோம்."

அவள் அந்த வரைகோட்டை விரலால் தொட்டாள். "இது பழுது இல்ல சார். இது கருமாதி. இது கல்யாணம். இது, தேதியப் பார்த்தா, ஆடி மாசம் கூழ் ஊத்தறது. எங்க ஜனத்தோட வாழ்க்கையில முக்கியமான நாள் எல்லாத்தையும் பொறுக்கியெடுத்துக் குப்பையில போட்டிருக்கீங்க."

பத்து வருடமாக உலகத்து நகரங்களெல்லாம் ஏன் ஒரே முகமாக இருக்கின்றன என்று அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. எந்த ஊராக இருந்தாலும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது அந்த வடிகட்டிய நாட்கள்தான்.

"வடிகட்டியை எடுத்துடுங்க. வருஷக் கடைசியில ஆளைக் கழிக்கறதையும் வுட்டுடுங்க, சாவு அன்னன்னிக்கே வரட்டும். இறுதி ஓட்டத்துல, எல்லாருடைய கட்டடத்துக்கும்" என்றாள்.

"நடுவர்கள் முன்னால் நகரியை மாற்றி ஓட்டுவதா?" கூப்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விதிப்படி ஒரு மாணவர் அதைக் கேட்கலாம். ஆனால் அப்படி ஓட்டி உங்கள் திட்டம் மேலே வராவிட்டால் அது தகுதி இழக்கும். பட்டம் கிடையாது. அடுத்த ஆண்டு வரவும் விசா கிடையாது. அந்த இடத்தில் வேறு யாருடைய கோபுரமாவது எழும்பும்."

அந்த வேறு யாரோ நான்தான் என்பது மூவருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் சொன்னேன். "வேண்டாமுங்க. பட்டத்தை வாங்கிட்டுப் போயி அப்புறமா சண்டை போடலாம்."

துறைமுகத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "எங்கப்பா செத்தப்போ ஐஸ் பெட்டி லிஃப்டுல நுழையல. பதினொண்ணாவது மாடி. நாற்காலியில உட்கார வெச்சு, துணியால கட்டி, படியில எறக்கினாங்க. கீழ எங்க வெக்கறது? தெருவே இல்ல. பைக் நிறுத்தற எடத்துல வெச்சோம். எங்கம்மா தலைமாட்டுல உக்காந்திருக்குது. ஒருத்தன் வண்டி எடுக்கணும்னு ஹாரன் அடிச்சான். அவன் மேல தப்பு இல்ல, அவனுக்கும் வேற வழி இல்ல." என்னைப் பார்த்தாள். "அதுக்காகத்தான் நான் ஆர்க்கிடெக்ட் ஆனேன். பட்டத்துக்காக இல்ல."

நான் அவள் பக்கத்தில் போய் நின்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இறுதி நாள். பெரிய கூடத்தில் நூறு மாணவர்களும் கூடியிருந்தோம். மேடையில் கூப்மனும் இன்னும் இரண்டு நடுவர்களும். சென்னை வாரியத்திலிருந்து கனகவல்லி என்ற அதிகாரி நேரிலேயே வந்திருந்தார். பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு, முகத்தில் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்கிற பாவனை.

அஞ்சுகம் எழுந்து வடிகட்டியை எடுக்கச் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு. கூப்மன் தோளைக் குலுக்கிவிட்டு எடுத்தார். நகரி ஓடத் தொடங்கியது.

நகரியின் முதல் சாவு, வேண்டாத இடத்தில் விழுந்தது. அவளுடைய கட்டடத்திலேயே, எட்டாவது மாடியில் ஒரு பெண்மணி.

இந்த முறை ஆள் மறையவில்லை. ஒரு கதவு திறந்தது. பிறகு பக்கத்துக் கதவு. நிழல்குடிகள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். மற்றப் பேட்டைகளிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். தெரு நிரம்பியது. யாரும் வேலைக்குப் போகவில்லை. பொருள் கொண்டுவரும் வண்டிகள் கீழே வரிசையாகத் தேங்கின. நகரி தன் புத்தியைக் காட்டியது. போக்குவரத்துத் தடை, உற்பத்தி இழப்பு, நெரிசல் என்று வரிசையாகச் சிவப்பு. அவள் மதிப்பெண் சரிந்து பூஜ்யத்துக்குக் கீழே போனது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நடுவர் ஒருவர் பைல்களை மூடினார். கூப்மன் ஒலிவாங்கியை எடுத்தார். "வருந்துகிறேன். நிறுத்திவிடலாம்."

"இருங்க சார்."

சொன்னது கனகவல்லி. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

"மேடம், முடிவு தெளிவாக இருக்கிறதே."

"முடிவு இருக்கட்டும். சாவு வீட்டுக்கு வந்துட்டோம். எடுக்கறதுக்கு முன்னாடி எழுந்து போறது எங்க ஊர்ல நல்லா இருக்காது." கனகவல்லி கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். "எடுக்கட்டும். அப்புறம் போலாம்."

கூப்மனுக்கு இது புரிந்திருக்காது. ஆனாலும் உட்கார்ந்தார். அவர் உட்காரவும் அரங்கமே உட்கார்ந்துவிட்டது. ராட்டர்டாமில் நூறு பேர், பத்து நாட்டுக்காரர்கள், கணினிக்குள் இறந்த ஒரு பெண்மணிக்காகக் காத்திருந்தோம்.

தெருவில் சில நிழல்குடிகள் குனிந்து தரையில் இருந்த மூடிகளைத் திறந்தார்கள். கால் நட்டார்கள். மேலே துணி விரிந்தது. அஞ்சுகம் பந்தலையோ துணியையோ நகரிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் குழியை மட்டும்தான் வரைந்திருந்தாள். மிச்சம் அத்தனையும் குப்பையில் கிடந்த அந்த நாட்களிலிருந்து வந்தது. நாற்காலிகள் வந்தன. எதிர்வீட்டிலிருந்து யாரோ எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீளமான லிஃப்ட் மேலே வந்தது. அந்த அம்மாவைப் படுக்க வைத்தபடியே, நேராக, மரியாதையாக இறக்கினார்கள்.

"டிராஃபிக் போலீஸ் பர்மிஷன் வாங்கினாங்களா?" என்று கனகவல்லி முணுமுணுத்தார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தெரு காலி. பழையபடி மூடிகள். மதிப்பெண் மெதுவாக ஏறியது, ஏறி நின்றது. போன வருடம் வரை ஒருவரையொருவர் பார்க்காத எதிர்வீட்டுக்காரர்கள் இப்போது தெருவில் நின்று பேசினார்கள். அடுத்த மாதம் அதே குழிகளில் ஒரு கல்யாணப் பந்தல் எழுந்தது.

அடுத்த சாவு என் கோபுரத்தில் விழுந்தது. முப்பதாவது மாடி, ஒரு கிழவர்.

அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கூட்டம் தாழ்வாரத்தில் நெருக்கியது. தீத்தடுப்புக் கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன. நான் பெருமையோடு வரைந்த கண்ணாடி லிஃப்ட் படுத்த ஆளை ஏற்றிக்கொள்ளவில்லை. மகன் மாதிரி இருந்த ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்ப்பதை நான் பார்க்காமல் இருந்தேன்.

பிறகு அந்த மகன் எழுந்தான். நாலு பேர் சேர்ந்து கிழவரைத் தோளில் தூக்கினார்கள். முப்பது மாடி இறங்கினார்கள். கீழே வந்ததும் என் பேட்டையில் எங்கும் நிற்கவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி, அடுத்த பேட்டையைத் தாண்டி, அஞ்சுகத்தின் கட்டடத்துக்குள் ஏறினார்கள். அங்கே ஒரு தெருவில் ஏற்கெனவே மூடிகள் திறந்து கிடந்தன. யாரென்றே தெரியாத கிழவருக்கு அந்தத் தெருக்காரர்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நகரியில் இப்படி ஒரு விதி இல்லை" என்றார் கூப்மன். அவர் எங்களிடம் பேசவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. வீடு மாறிவிட்டார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுத்து மாறினார்கள். லாகோஸ்காரனின் வளைவுக் கோபுரத்திலிருந்தும் லிமாக்காரியின் தொங்கும் தோட்டத்திலிருந்தும் ஜனங்கள் கிளம்பினார்கள். முப்பதாவது வருடம் முடிந்தபோது என் கோபுரத்தில் விளக்கெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை. அவள் தெருக்களில் இடமில்லை.

நகரி அவளுக்குப் போட்ட மதிப்பெண் அதுவரை யாரும் வாங்காதது. நான் தோற்றேன், சுத்தமாகத் தோற்றேன். ஆனால் முதலில் எழுந்து கைதட்டியதும் நான்தான். கை வலிக்கிற வரை தட்டினேன். லாகோஸ்காரன் மேஜை மேல் ஏறிப் பாட ஆரம்பித்தான். அஞ்சுகம் எல்லோருக்கும் நடுவில் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.

கூப்மன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நாட்கள் எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறேன். எல்லா ஊருக்கும்" என்றார். சொன்னபடியே செய்தார். மனிதர் நேர்மையானவர். அடுத்த ஆண்டு உலகத்தின் பெரிய நகரங்களில் பாதி மறுபடியும் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. கூப்மன் தானே கட்டிய கோபுரம் ஒன்றும் அதில் பெயிலாகிவிட்டது. லிமாவில் ஒரு விதமான கட்டடம் வந்தது, மணிலாவில் வேறு விதம். ஊருக்கு ஊர் முகம் மாறத் தொடங்கியது.

சதுப்பு ஓரத்தில் எங்கள் கட்டடம் எழும்பச் சில வருடங்கள் பிடித்தன. எங்கள் என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் அவளிடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பொள்ளாச்சியில் அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சாவி கொடுத்த அன்று அஞ்சுகத்தின் அம்மா தனலட்சுமி வந்தார். பழைய அடுக்குமாடியில் அவர் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் போகவில்லை. எட்டாவது மாடித் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். லிஃப்டுக்குள் போய்க் கைகளை அகல விரித்துப் பார்த்தார். குனிந்து ஒரு மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். அஞ்சுகம் பின்னாலேயே நடந்தாள். நடுவர்கள் முன்னால்கூட அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"இங்கதான் என்னை வெப்பீங்களா?" என்று தனலட்சுமி கேட்டார்.

"அம்மா, இன்னா பேச்சு இது!"

"இல்லடி, தெரிஞ்சு வெச்சிக்கிறேன்." வெயில் விழாத பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சாமான்கள் லிஃப்டிலிருந்து இறங்குவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "காத்து நல்லா வருது. எனக்கு இப்போதிக்கு சாவற உத்தேசம் இல்ல. போய் அந்தப் புது வூட்டுக்காரங்களுக்கும் சேத்து டீ வாங்கினு வா."